பத்தாயிரம் டாலர் தூக்கமும் ஐந்து பெயர்களும்

டிவியில் ஃபேஷன் ஷோ ஓடும்போது நம் வீடுகளில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு. "இந்தக் கண்றாவியை எல்லாம் யார் போட்டுக்கறா?" எங்கள் மேல் ஃப்ளாட் மாமி இருபது வருஷமாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் நொய்டா பக்கம் ஏற்றுமதி ஆடை கம்பெனிகளில் மெர்ச்சண்டைசராகக் குப்பை கொட்டுகிறவள். அதனால் உலகத்தின் அத்தனை அலங்கோல உடுப்புக்கும் நான்தான் ஜவாப்தாரி என்பது அவர் எண்ணம்.

சுருக்கமான பதில்: பெரும்பாலானதை யாரும் போடுவதில்லை மாமி. பாரிஸிலும் மிலானிலும் மேடையேறுவது ஆறு மாதம் கழித்து வரப்போகும் பருவத்துக்கான சரக்கு. குளிர்கால உடுப்பை பிப்ரவரி, மார்ச்சில் காட்டுவார்கள். கோடைக்கானதை செப்டம்பர், அக்டோபரில். காட்டுவதில் ஒரு பங்கு விற்க, ஒரு பங்கு பேச வைக்க. அந்த மேடையில் தெரிந்த நிறமும் காலர் அகலமும் தோள் வெட்டும் படிப்படியாக இறங்கி, எங்கள் மேஜைக்கு வந்து, கடைசியில் திருப்பூரிலும் நொய்டாவிலும் ஆர்டராக நிற்கும். அதை மாமியும் போட்டுக்கொள்வார். அது எங்கிருந்து வந்தது என்று தெரியாமலே.

ஆனால் இன்று எழுத உட்கார்ந்தது உடுப்பைப் பற்றி அல்ல, அதைப் போட்டுக்கொண்டு நடந்தவர்களைப் பற்றி. குறிப்பாக, அவர்களுக்குப் பெயர் வந்த கதை.

1997-ல் டெல்லிக்கு வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு தரியாகஞ்ச் நடைபாதைதான் கோயில். மற்றவர்கள் போட்டித் தேர்வு கைடு தேடுவார்கள், நான் பழைய வெளிநாட்டு ஃபேஷன் பத்திரிகை தேடுவேன். தூதரகக் குடும்பங்கள் ஊர் மாறும்போது கழித்துக்கட்டியவை என்பார் கடைக்காரர். ஒன்று 20 ரூபாய், முகத்தைச் சுளித்தால் 15. (அந்தச் சந்தை 2019-ல் மகிளா ஹாட்டுக்கு மாறியது. எனக்கென்னவோ பழைய சுகம் இல்லை.) அங்கே கிடைத்ததுதான் பிரிட்டிஷ் வோக், 1990 ஜனவரி இதழ். ஓரம் கிழிந்திருந்தது, அட்டை முழுசாக இருந்தது.

கறுப்பு வெள்ளைப் படம். நியூயார்க் தெரு ஒன்றில் ஐந்து பெண்கள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். நவோமி கேம்ப்பெல், லிண்டா இவாஞ்சலிஸ்டா, டாட்யானா பட்டிட்ஸ், கிறிஸ்டி டர்லிங்டன், சிண்டி க்ராஃபோர்ட். கவுன் இல்லை, நகை இல்லை, பளபளப்பு இல்லை. காலேஜ் வாசலில் பஸ்ஸுக்கு நிற்கும் தோழிகள் மாதிரி இருக்கிறார்கள் (அப்படி ஒரு காலேஜ் எங்கும் கிடையாது என்பது வேறு விஷயம்). எடுத்தவர் பீட்டர் லிண்ட்பெர்க் என்ற ஜெர்மானியர். அப்போதைய ஆசிரியர் லிஸ் டில்பெரிஸ், வரப்போகும் பத்தாண்டின் பெண் இவள்தான் என்று காட்ட ஒரு படம் கேட்டாராம். ஒருத்தியை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல முடியாது என்று சொல்லி ஐந்து பேரைக் கூட்டிவந்தார் லிண்ட்பெர்க்.

இதிலென்ன வரலாறு என்கிறீர்களா? அதற்குக் கொஞ்சம் பின்னால் போகவேண்டும்.

பாரிஸில் 1858-ல் சார்ல்ஸ் ஃப்ரெடரிக் வொர்த் என்ற ஆங்கிலேயர் கடை திறந்தார். உடுப்பை மரப் பொம்மைக்கு மாட்டிக் காட்டாமல், உயிருள்ள பெண்ணுக்குப் போட்டு வாடிக்கையாளர் முன் நடக்கவிடும் வழக்கத்தைப் பெரிதாகச் செய்தவர் அவர். முதலில் நடந்தது அவருடைய மனைவி மரி வெர்னே. இந்தத் தொழிலின் முதல் ஆள் என்று அந்த அம்மாளைத்தான் சொல்கிறார்கள். ஆனால் தொழிலுக்கு வைத்த பெயரைப் பாருங்கள்: மேனிக்வின். மரப் பொம்மைக்கும் அதே சொல், பெண்ணுக்கும் அதே சொல்! அப்புறம் லண்டனில் லூசில் என்ற பெயரில் கடை நடத்திய லேடி டஃப் கார்டன், தன் கடைப் பெண்களுக்கு டொலோரெஸ், ஹீபி, கமேலா என்று நாடகப் பெயர்களைச் சூட்டினார். உழைக்கும் வீட்டுப் பெண்கள். அவர்களுடைய சொந்தப் பெயர் சீமாட்டிகள் காதில் விழக்கூடாது. (இந்த அம்மாள் டைட்டானிக்கில் தப்பியவர். அது தனிக் கதை.)

இது ஏதோ அந்தக் காலத்துச் சமாச்சாரம் என்று நினைக்காதீர்கள். எங்கள் தொழிலில் ஃபிட் மாடல் என்று ஒருவர் உண்டு. சாம்பிள் தைத்ததும் அவருக்குப் போட்டுப் பார்த்து, அக்குள் இழுக்கிறதா, இடுப்பு தொங்குகிறதா என்று அளந்து, படம் எடுத்து பையருக்கு அனுப்புவோம். படத்தைக் கழுத்துக்கு மேல் வெட்டிவிட்டு அனுப்புவதுதான் வழக்கம். உடுப்புதான் வேண்டும், முகம் எதற்கு? நான் வேலை பார்த்த மூன்று யூனிட்டிலும் இப்படித்தான். மணிக்கணக்கில் சம்பளம், மெயிலில் அவர் பெயர் 'மீடியம்'.

பெயரோடு புகழ் பெற்றவர்கள் அதற்குப் பிறகு வராமலில்லை. லிசா ஃபோன்சாக்ரீவ்ஸ் 1949-லேயே டைம் பத்திரிகை அட்டையில் வந்தார். ஆனால் தன்னை அவர் துணி மாட்டும் நல்ல ஹேங்கர் என்றுதான் சொல்லிக்கொண்டார். அடக்கம் என்று எடுத்துக்கொள்ளலாம். எனக்கு அப்படிப் படவில்லை. தொழில் அவரை எப்படிப் பார்த்ததோ அதைச் சொல்லியிருக்கிறார்.

என்னை விடாமல் பிடித்துக்கொண்டது டோவிமாவின் கதை. டோரதி, விர்ஜினியா, மார்கரெட் என்ற தன் மூன்று பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோர்த்து டோ-வி-மா என்று வைத்துக்கொண்டவர். ஒற்றைப் பெயரில் இயங்கிய முதல் மாடல் அவர் என்பார்கள். 1950-களில் அமெரிக்காவில் அதிகச் சம்பளம் வாங்கிய மாடல்களில் ஒருவர். மணிக்கு 60 டாலர். 'நிமிஷத்துக்கு ஒரு டாலர் பெண்' என்று பட்டப் பெயரே உண்டு. 1955-ல் பாரிஸின் குளிர்கால சர்க்கஸ் அரங்கில், காலில் சங்கிலி பூட்டிய யானைகளுக்கு நடுவே அவரை நிறுத்தி ரிச்சர்ட் அவெடன் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. ஹார்ப்பர்ஸ் பஜார் பத்திரிகைக்காக எடுத்தது. யானையைப் பார்த்து வளர்ந்த நமக்கே அந்தப் படம் கண்ணை எடுக்கவிடாது: ஒரு கை தும்பிக்கையில், மறு கை எதிர்ப்பக்கம் நீண்டிருக்க, கறுப்பு வெல்வெட் கவுனில் வெள்ளைப் பட்டை தொங்குகிறது. கவுன் டியோர் கடையுடையது. வரைந்தவர் அங்கே வேலைக்குச் சேர்ந்திருந்த 19 வயது பையன், பெயர் ஈவ் சான் லோரான்!

புகைப்படக்காரர் மேதையானார். பையன் தனிக் கடை போட்டுச் சக்கரவர்த்தி ஆனான். டியோர் இன்றும் டியோர். டோவிமா? 1962-ல் மாடலிங்கை விட்டார். கடைசிக் காலத்தில் ஃப்ளோரிடாவில் ஒரு பீட்ஸா கடையில் வருகிறவர்களை வரவேற்று உட்காரவைக்கும் வேலை பார்த்தார். 1990 மே மாதம் இறந்துபோனார். 2010-ல் அந்த யானைப் படத்தின் பெரிய பிரதி ஒன்று பாரிஸில் ஏலத்துக்கு வந்தது. 8,41,000 யூரோவுக்குப் போயிற்று. வாங்கியது டியோர் நிறுவனமே.

தேதியைக் கவனித்தீர்களா? டோவிமா இறந்த அதே 1990-ல்தான் லிண்டா இவாஞ்சலிஸ்டா, அமெரிக்க வோக் பேட்டி ஒன்றில் அந்தப் பேர்போன வாக்கியத்தைச் சொன்னார். ஒரு நாளைக்குப் பத்தாயிரம் டாலருக்குக் குறைந்து நாங்கள் தூக்கத்திலிருந்து எழுந்திருப்பதில்லை என்று. முப்பது வருஷத்துக்கு மேலாக அந்தம்மாவை இதற்காகத் திட்டித் தீர்க்கிறார்கள். கொழுப்பு, திமிர், இத்யாதி. நான் அப்படி வாசிக்கவில்லை. டோவிமாவின் நிமிஷத்துக்கு ஒரு டாலரை எட்டு மணி நேரத்துக்குப் பெருக்கினால் 480 டாலர். நடுவில் முப்பத்தைந்து வருஷ விலைவாசி ஏறியிருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் 480-க்கும் 10,000-க்கும் நடுவில் இருப்பது வெறும் விலைவாசி இல்லை. அதுவும் 'நான்' என்று சொல்லவில்லை பாருங்கள், 'நாங்கள்' என்றார். அவரும் கிறிஸ்டியும். யூனியன் தலைவர் பேசினால் கூலி பேரம் என்போம், அழகான பெண் பேசினால் திமிர் என்போம்.

இடையில் ஒரு படி இருக்கிறது. 1973-ல் லாரன் ஹட்டன், ரெவ்லானோடு தனி ஒப்பந்தம் போட்டார். அதுவரை மணிக்கூலி. அதற்கப்புறம், ஒரு கம்பெனிக்கு ஒரு முகம், வருஷக் கணக்கில் பணம். முன்பல் இடைவெளியைக் கடைசிவரை அடைத்துக்கொள்ளாத மனுஷி அவர் என்பதில் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அதுவரை பத்திரிகைப் படத்துக்கு ஒரு கூட்டம், மேடையில் நடக்க வேறொரு கூட்டம். படத்தில் வரும் பெண் நடக்க மாட்டாள். நடப்பவளை யாரும் அட்டையில் போடமாட்டார்கள். இந்தச் சுவரை இடித்ததில் ஜியானி வெர்சாச்சேவுக்குப் பெரிய பங்கு. அட்டைப்பட நட்சத்திரங்களை நிறையப் பணம் கொடுத்து மேடைக்கு இழுத்தார். இதற்குள் ஜார்ஜ் மைக்கேல் அந்த வோக் அட்டையைப் பார்த்துவிட்டு, தன் 'ஃப்ரீடம் 90' பாட்டின் வீடியோவில் தான் தலைகாட்டாமல் அதே ஐவரை வாயசைக்க வைத்தார். இயக்கியவர் டேவிட் ஃபின்ச்சர், பிற்பாடு 'ஃபைட் க்ளப்' எடுத்தவர். 1991 மார்ச்சில் மிலானில் வெர்சாச்சேவின் குளிர்காலக் கலெக்‌ஷன். முடிவில் அந்தப் பாட்டு ஒலிக்க லிண்டா, சிண்டி, நவோமி, கிறிஸ்டி நால்வரும் கைகோர்த்து, பாட்டுக்கு வாயசைத்தபடி வந்தார்கள். அவ்வளவுதான். ஃபேஷன் பக்கமே தலைவைத்துப் படுக்காதவர்களுக்கும் அவர்கள் பெயர் தெரிந்துபோனது. அந்தக் கலெக்‌ஷனில் எத்தனை உடுப்பு, என்ன நிறம் என்று இன்று கேட்டால் துறையில் இருப்பவர்களே யோசிப்பார்கள். நான்கு பெயரை யோசிக்காமல் சொல்வார்கள்.

இனி நவோமி. இங்கே நான் கொஞ்சம் நின்று பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்பினப் பெண் அட்டையில் வருவதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று பாருங்கள். 1966 மார்ச்சில் பிரிட்டிஷ் வோக் அட்டையில் டோனியேல் லூனா வந்தார். முகத்தின் பாதியைக் கை மறைத்திருக்கும். அமெரிக்க வோக் 1974 ஆகஸ்ட் வரை காத்திருந்தது. அப்போது வந்தவர் பெவர்லி ஜான்சன். 1975-ல் சோமாலியாவைச் சேர்ந்த இமான் நியூயார்க்கில் இறங்கியபோது, காட்டில் ஆடு மேய்த்தவளைக் கண்டுபிடித்தேன் என்கிற மாதிரி கதை கட்டிவிட்டார் அவரைக் கூட்டிவந்த புகைப்படக்காரர். நிஜத்தில் இமான் தூதரக அதிகாரியின் மகள். பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவர், ஐந்து மொழி பேசுபவர். பெயர் கொடுத்தாலும் கதையை மாற்றிவிடுவார்கள்!

ஃப்ரெஞ்ச் வோக் 1988 ஆகஸ்ட் வரை ஒரு கறுப்பினப் பெண்ணைக்கூட அட்டையில் போட்டதில்லை. நவோமி தன் மனக்குறையை ஈவ் சான் லோரானிடம் சொல்ல (ஆமாம், அதே யானைப்பட பையன்), போடாவிட்டால் என் விளம்பரத்தை நிறுத்துவேன் என்று அவர் மிரட்டியபிறகுதான் போட்டார்கள். அடுத்த வருஷம் அமெரிக்க வோக்கின் செப்டம்பர் அட்டை. வருஷத்திலேயே கனமான, விளம்பரம் கொழிக்கும் இதழ் அது. 1991-ல் டைம் அட்டை. இத்தனைக்குப் பிறகும் சில டிசைனர்கள் அவரை மேடையில் ஏற்றத் தயங்கினார்கள். அவளை எடுக்கவில்லை என்றால் நாங்களும் வரமாட்டோம் என்று லிண்டாவும் கிறிஸ்டியும் சொன்னார்கள். நவோமியே இதைப் பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். பெயர் இருந்ததால்தான் அந்த மிரட்டல் பலித்தது. பெயரில்லாத இரண்டு மேனிக்வின்கள் சொல்லியிருந்தால் வேறு இரண்டு பேரைக் கூப்பிட்டிருப்பார்கள்.

இது எனக்கு ஏன் முக்கியம் என்றால், என் பெண்ணுக்குப் பதினாறு வயது. ஐந்தடி எட்டங்குலம், நிறம் என் அப்பாவுடையது. வடக்கே பெண் வளர்க்கும் நம்மவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. "நல்ல களை, கொஞ்சம் கலர்தான்..." என்று இழுக்கும் அந்த மூன்று புள்ளிகளை நம் சொந்தங்களும் விட்டதில்லை, இங்குள்ள ஆன்ட்டிகளும் விட்டதில்லை. 1975-ல் வந்த ஃபேர் அண்ட் லவ்லி 2020-ல் பெயரை மாற்றிக்கொண்டது. மூன்று புள்ளி மாறவில்லை. அவள் அறைச் சுவரில் நவோமி படம் இருக்கிறது. ஒட்டியது நானல்ல.

ஐவரின் ஆட்சி நீளவில்லை. 1990 ஜூலையில் லண்டனின் 'தி ஃபேஸ்' பத்திரிகை கேட் மாஸ் என்ற பதினாறு வயது ஒல்லிப் பெண்ணை, முகத்தில் மெழுகு பூசாமல் அட்டையில் போட்டது. 1992 நவம்பரில் மார்க் ஜேக்கப்ஸ், பெர்ரி எல்லிஸ் கம்பெனிக்காகக் கிரஞ்ச் கலெக்‌ஷன் காட்டினார். பழைய துணிக்கடையில் பொறுக்கியது போன்ற பூப்போட்ட கவுனும் கட்டம்போட்ட சட்டையும், ஆனால் பட்டில். வேலை போயிற்று, பெயர் நின்றது. 1997 ஜூலை 15-ல் வெர்சாச்சேவை மயாமியில் அவர் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொன்றார்கள். உடுப்பை விடப் போட்டிருக்கிறவளைத்தான் பார்க்கிறார்கள் என்ற முணுமுணுப்பு டிசைனர்களிடம் ஏற்கெனவே இருந்தது.

ஆனால் ஆட்டத்தை முடித்தது அட்டைதான். 1998-ன் அமெரிக்க வோக் அட்டைகளைப் பாருங்கள். ஜனவரியில் ஸ்பைஸ் கேர்ள்ஸ், அக்டோபரில் ஓப்ரா வின்ஃப்ரே, டிசம்பரில் ஹிலாரி க்ளின்டன். அப்போதைய ஆசிரியர் அன்னா வின்டூர் புத்திசாலி. ஒரு மாடலுக்குப் பெயர் உண்டாக்கி விற்பதைவிட, ஏற்கெனவே பெயர் உள்ளவரை மாடலாக்குவது சுலபம் என்று கணக்குப் போட்டுவிட்டார். மேடையில் ஒரே அச்சில் வார்த்த மாதிரி வெளுத்த, பெயர் தெரியாத பெண்கள் வரிசையாக வரத் தொடங்கினார்கள். பெயர் போனதும் நிறமும் போனது. 2008-ல் ஜோர்டன் டன் ப்ராடா மேடையில் நடந்தபோது, பத்து வருஷத்துக்கு மேலான இடைவெளிக்குப் பிறகு அங்கே நடந்த கறுப்பினப் பெண் அவர்தான் என்றார்கள். அதே ஆண்டு ஜூலையில் இத்தாலிய வோக், கறுப்பின மாடல்களை மட்டும் வைத்து ஓர் இதழ் போட்டது. தீர்ந்துபோய் மறுபடி அச்சடிக்க வேண்டியதாயிற்று. விற்காது என்று இத்தனை நாள் சொன்னவர்கள் என்ன பதில் சொன்னார்களோ!

நம் நாட்டுக் கதை சின்னது. 90-களில் மெஹர் ஜெசியா, மது சாப்ரே என்று நமக்கும் பெயர்கள் இருந்தன. 2000 ஆகஸ்டில் டெல்லியில் முதல் லேக்மே ஃபேஷன் வீக் நடந்தது. 2007 அக்டோபரில் வோக் இந்தியா வந்தது. ஆசையாக வாங்கினேன். அட்டையில் ஒரு பக்கம் பிபாஷா பாசு, மறுபக்கம் பிரியங்கா சோப்ரா, நட்டநடுவில் ஆஸ்திரேலியாவின் ஜெம்மா வார்ட்! மடித்த தாளைப் பிரித்தால் உள்ளே லக்ஷ்மி மேனனும் மோனிகாங்கனா தத்தாவும் ப்ரீத்தி ஜிந்தாவும். நம் மாடல்கள் இருவரும் மடிப்புக்குள்ளே. அதற்கப்புறம் இங்கே அட்டை என்பது பெரும்பாலும் சினிமா நடிகைகளின் சொத்தாகவே இருக்கிறது. 1998-ல் அமெரிக்கா கண்டுபிடித்த சூத்திரம், நாம் பெயர் உண்டாக்கும் கட்டத்தைத் தாண்டி நேரே அதில் குதித்துவிட்டோம்.

நம் ஊர்க்காரர் ஒருவரை விட்டுவிடக் கூடாது. சென்னையில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த பத்மா லக்ஷ்மி. பதினாலு வயதில் கார் விபத்து, வலது கையில் ஏழு அங்குலத் தழும்பு. மாடலாக வந்தபோது முதலில் அது இடைஞ்சலாகத்தான் இருந்தது; ஹெல்முட் நியூட்டன் அந்தத் தழும்போடு படம் எடுத்தபிறகு அதுவே அவருடைய கையெழுத்து ஆயிற்று. மூடி மறைக்காமல் வேலை பார்த்த இந்தியப் பெண் என்பதால் இதை என் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன். நவோமி அளவுக்கு எடுபடவில்லை.

அந்த ஐவரில் டாட்யானா பட்டிட்ஸ் 2023 ஜனவரியில் காலமானார். அதே வருஷம் செப்டம்பரில் மீதி நால்வரும் சேர்ந்து அமெரிக்க, பிரிட்டிஷ் வோக் அட்டைகளில் வந்தார்கள், ஐம்பதுகளில் இருக்கும் பெண்களாக. அதற்கு முந்தைய வருஷம், அழகு சிகிச்சை ஒன்று தன் உடம்பைக் கெடுத்துவிட்டதாக வெளிப்படையாகச் சொல்லிவிட்டிருந்த லிண்டா, பிரிட்டிஷ் வோக் அட்டைக்கு வந்தார். கன்னத்தையும் கழுத்தையும் டேப் போட்டு இழுத்துக் கட்டியிருக்கிறது, நேரில் என் முகம் இப்படி இல்லை என்று அவரே அந்தப் பேட்டியில் சொன்னார்.

2025 ஆகஸ்ட் அமெரிக்க வோக்கில் கெஸ் நிறுவனத்தின் விளம்பரம் ஒன்று வந்தது. அதில் இருந்த பெண், பெண்ணே அல்ல. செயற்கை நுண்ணறிவு வரைந்த உருவம். அதே வருஷம் ஜூனில் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. மாடலின் உருவத்தைக் கணினிப் பிரதியாக்க, அவரிடம் தனியாக எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். எதற்கு, எத்தனை நாளைக்கு, எவ்வளவு பணம் என்பதும் அதில் இருக்க வேண்டும். இதற்காகப் போராடியவர்கள் மாடல்களே.

எங்கள் யூனிட்டிலும் இப்போது முதல் இரண்டு ஃபிட்டைக் கணினியில் ஒரு முப்பரிமாணப் பொம்மைக்கு மாட்டித்தான் பார்க்கிறோம். பொம்மைக்கு அளவு கொடுத்தது எங்கள் ஃபிட் மாடல்தான். ஒரு மத்தியானம் முழுக்க நாடா வைத்து அளந்தோம். முன்பு வாரத்துக்கு நான்கு நாள் வந்தவர் இப்போது வியாழக்கிழமை மட்டும் வருகிறார். மணிக்கணக்குதான்.